இருபத்துமூன்றாம் டோக்கன்

கையை எடும்மா. அதில் கை வைக்காதே.

வெடிக்காது. எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்தில் பஸ் மாறி ஏறும்போது கண்டக்டரும் கேட்டார், "என்னம்மா, டப்பாவுக்குள்ள ஒயரு ஒயரா இருக்கு?" என்று. கேக் டப்பா என்றேன். பொய் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் போட்டு வைக்கிற டப்பாதான். உள்ளே இருப்பதுதான் கேக் இல்லை.

சார்ஜ் போடணுமா? அதானே பார்த்தேன். காவிப் புடவையும் காலில் கட்டுமாக இருக்கிறவள் பக்கத்தில் சும்மா யார் வந்து உட்காருவார்கள்.

கேபிள் இருக்கிறதா? கொடு. இங்கே பார், எட்டு ஓட்டை. இந்த ஓரத்தில் சிவப்பு நூல் சுற்றின கேபிள் தொங்குகிறதே, அதைத் தொடாதே. உன்னுடையதை இதில் சொருகுகிறேன். இன்னும் ஸ்விட்ச் போடவில்லை, போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. ஜன்னல் வெயிலில் டப்பா சூடாகியிருக்கிறது. சூட்டோடு போட்டால் செல்லுக்கு ஆயுசு குறையும். பத்து நிமிஷம் ஆறட்டும். நீ சீர்காழியில்தானே ஏறினாய்? எங்கே இறங்கணும்? சரி, எங்கேயோ இறங்கு.

என் போனிலா? ஒரே ஒரு காலா? முடியாதும்மா. நீ தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. நூறு பர்சென்ட் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த லைன் பிஸியாக இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்கிறாயா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எப்படியும் பத்து நிமிஷம் ஆறணும்.

நாங்கள் அயனாவரம். வருஷா வருஷம் ஆகஸ்டில் எங்கள் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு கோஷ்டி நடக்கும். பதினோரு நாள். முன்னால் மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, பின்னால் நாங்கள். இந்த வருஷம் இருபத்துமூன்று பேர். போன வருஷம் என்ன நடந்தது தெரியுமா? டீக்கடை, பங்க்சர் கடை, பெட்ரோல் பங்க் என்று பார்த்த இடத்திலெல்லாம் போய், "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறேண்ணே" என்று பல்லை இளித்தார்கள். நடந்தது மாதாவைத் தேடியா, பிளக் பாயின்ட்டைத் தேடியா என்று தெரியவில்லை. இரண்டு போன் களவு போனது. எனக்கு அவமானமாக இருந்தது. நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் யூஜினி சொல்வார், கை நீட்டுகிற பழக்கம் வந்தால் முதுகு வளைந்துவிடும் என்று. பிசிக்ஸில் அந்த சிஸ்டர் கையால் தொண்ணூற்றாறு வாங்கினவள் நான். அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை, கல்யாணம் செய்துவைத்தார்கள். அது வேறு கதை.

போன வருஷம் ஊர் திரும்பினவுடன் தீர்மானம் செய்தேன், இனி நம் கோஷ்டி யாரிடமும் கை நீட்டக் கூடாது. நானே செய்வேன்.

செய்தேனே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் செத்துப்போன லேப்டாப் பேட்டரி மூட்டையாகக் கிடக்கும். பிளாஸ்டிக்கைப் பிளந்தால் உள்ளே ஆறு செல், பெருவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக. பேட்டரி செத்தது என்றால் ஆறும் சாகவில்லை. ஒன்றோ இரண்டோதான் செத்திருக்கும், மற்றவை அதனோடு கட்டின பாவத்துக்குக் குப்பைக்குப் போகும். கூட்டுக்குடும்பம் மாதிரி. நான் ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கழி. மீதியை ஏற்றி, நம்பர் எழுதி, பதினைந்து நாள் அலமாரியில் வைத்துத் திரும்பப் பார். தானாக இறங்கியிருந்தால் கழி. ஏற்றும்போது சூடானால் கழி. இருநூறு செல்லில் நாற்பத்தெட்டுதான் என் சோதனையில் தேறியது. மனுஷர்களையும் இப்படி அலமாரியில் வைத்துப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி.

எங்கள் வீட்டுக்காரர், அமலதாஸ், கதவோரம் நின்று, "பெர்னதெத்து, போலீஸ் வந்தா நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு" என்பார். சொல்லட்டும். நாற்பத்தெட்டையும் தகடு வைத்து வெல்டிங் செய்து, பாதுகாப்புக்கு ஒரு போர்டு போட்டு, எட்டு ஓட்டை வைத்து மூடினேன். ஒரு தடவை நிரப்பினால் பன்னிரண்டு போன். ராத்திரி தங்குகிற கோயிலில் ஒரே ஒரு பிளக் கேட்டால் போதும், காலையில் டப்பா நிறைந்துவிடும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அதற்குத்தான் டோக்கன். அட்டையில் வெட்டி, ஒன்று முதல் இருபத்துமூன்று வரை என் கையெழுத்தில்.

உடனே எங்கள் கோஷ்டி வாயாடி குளோரி, "வந்துட்டாங்கப்பா ரேஷன் கடைக்காரம்மா! அக்கா, சீனி இருக்கா, பாமாயில் போட்டுட்டாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் மறுநாள் விடிவதற்குள் வரிசையில் நின்றார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். யாரும் வீட்டிலிருந்து சார்ஜர் கொண்டுவரக் கூடாது, கேபிள் மட்டும் போதும் என்று. கொண்டுவந்தால் திரும்பவும் டீக்கடை, திரும்பவும் பல்லிளிப்பு. புறப்படும் அன்று பைகளைப் பார்த்து நான்கு சார்ஜரை எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். டிசிப்ளின் என்றால் டிசிப்ளின்.

என்ன ஜன்னலை எட்டி எட்டிப் பார்க்கிறாய்? கொள்ளிடம் இன்னும் வரவில்லை. டப்பா இன்னும் சூடுதான்.

இப்போது ரெஜினாவுக்கு வருகிறேன். ரெஜினா என் நாத்தனார், இவருடைய தங்கை. பக்தி என்றால் அப்படியொரு பக்தி. குழாயில் தண்ணீர் வந்தால் மாதா புதுமை, வராவிட்டால் மாதா சோதனை. அவளுக்கு ஒரே பெண், ஷெரின். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருக்கிறாள். அவள் புருஷன் கப்பலில். அந்தப் பிள்ளைக்காகத்தான் ரெஜினா நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மரத்தில் செய்த குட்டித் தொட்டில் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தாள், வேளாங்கண்ணியில் போய்க் கட்ட. ஏழு மாசக் கர்ப்பிணியைத் தனியாக விட்டுவிட்டு நடக்கணுமா என்று நான் கேட்டேன். "மாதா பார்த்துக்குவாங்க அண்ணி" என்றாள். சரி, பார்த்துக்கொள்ளட்டும்.

புறப்படுகிற காலையில் ஃபாதர் வந்து வண்டியை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தார். அதோடு விட்டிருக்கலாம். இந்த ரெஜினா, "ஃபாதர், அண்ணியோட டப்பாவையும் மந்திரிச்சிடுங்க ஃபாதர், பத்திரமா இருக்கட்டும்" என்றாள். அவர் கையை ஓங்கி ஒரு வீச்சு. சொத்தென்று விழுந்தது. நீ கிறிஸ்தவப் பெண்ணா? இல்லையா? அப்படியானால் உனக்குத் தெரியாது. எங்கள் ஃபாதர் பழைய முறைக்காரர், தீர்த்தத்தில் உப்புப் போட்டு மந்திரிப்பார். உப்புத் தண்ணீர். செல்லுக்கு மேல். சிஸ்டர் யூஜினி வகுப்பில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும் அதன் விளைவு.

மூடியா? மூடி இருந்தது. மூடி இல்லாமல் டப்பா உண்டா?

திறந்துதான் இருந்தது. அந்த நேரத்தில். நான்தான் திறந்தேன். ஃபாதர் பார்க்கணும் என்றார். என்றாரா? என்றிருப்பார். "நீங்களே செஞ்சதாம்மா?" என்று கேட்டார், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தெட்டும் பரேட் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. அதைப் பார்க்காமல் மூடியையா பார்ப்பார்? துணியால் துடைத்துவிட்டுத்தான் மூடினேன். ஆனால் மந்திரிக்கச் சொன்னது யார்? அதைச் சொல் முதலில்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் இருட்டுகிற நேரம், ரெஜினா பையிலிருந்து ஒரு சீரியல் செட்டை எடுத்து, என்னைக் கேட்காமல் டப்பாவில் சொருகி, மாதாவைச் சுற்றி மினுக் மினுக் என்று எரியவிட்டிருக்கிறாள். "மாதா இருட்டுல நிக்குறாங்களே அண்ணி" என்கிறாள். நான் பிடுங்கிப் போட்டேன். "மாதாவுக்கு மூணு வேளை மெழுகுதிரி இருக்கு, மிக்கேல் அண்ணனுக்கு டார்ச்சு இருக்கு, உனக்குத்தான் மூளை இல்ல" என்றேன். எல்லார் முன்னாலும்தான். பின்னே, தனியாகக் கூப்பிட்டுக் காதிலா சொல்வது? அவள் டோக்கனை வாங்கிக்கொண்டேன். நான்காம் நம்பர். அதை எடுத்துவிட்டு இருபத்துமூன்றைக் கொடுத்தேன்.

நான் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். சொந்தக்காரி என்று விட்டிருந்தால் குளோரி நாக்கு சும்மா இருக்குமா?

நான்காம் நாள் காலையில் வருகிறாள். "அண்ணி, மூணு பர்சென்ட்தான் இருக்கு. ஷெரினு நேத்து சாயங்காலம் இடுப்பு வலிக்குதுன்னா. ஒரு அஞ்சு நிமிஷம் போட்டுக் குடுங்க அண்ணி, கேட்டுட்டு வெச்சிடுறேன்." அழுகிற மாதிரி மூஞ்சி. அவளுக்கு எப்போதும் அதே மூஞ்சிதான், அதை வைத்து எதை அவசரம் என்று கண்டுபிடிப்பது? "டோக்கன் வரட்டும்" என்றேன். "அப்ப உங்க போன்ல..." என்றாள். என்னுடையது ஃப்ளைட் மோடில். பொறுப்பில் இருக்கிறவள் போனில் எப்போதும் சார்ஜ் இருக்கணும் இல்லையா? பேசிப் பேசிக் கரைத்துவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது? அதைத்தான் சொன்னேன். அவள் போய் வண்டியைத் தள்ளினாள். நிஜமாகவே அவசரம் என்றால் ஒரு மனுஷி சண்டை போடுவாளா, வண்டியைத் தள்ளுவாளா?

அன்றைக்கு மத்தியானம் டப்பா செத்தது.

ஆமாம். மரக்காணம் வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் உப்பளம், நிழல் ஒரு பொட்டு இல்லை. எட்டு ஓட்டையும் அவிந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தர் போனும் அவிந்தது. திறந்து பார்த்தால், நிக்கல் தகடு என்று சொல்லி ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரன் கொடுத்தது நிக்கல் பூசின இரும்பு. தீர்த்தம் பட்ட இடமெல்லாம் துரு. போர்டில் பச்சையாகப் பூத்திருக்கிறது. தெளித்த ஃபாதர் அயனாவரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார், தெளிக்கச் சொன்னவள் ஜெபமாலை உருட்டுகிறாள், இருபத்திரண்டு பேரும் பார்ப்பது என்னை.

"ரேஷன் கடை லீவாக்கா?" என்றாள் குளோரி.

மிக்கேல் அண்ணன்தான் கோஷ்டித் தலைவர். "சரிம்மா, விடு, ஏதாவது கடையில குடுத்து ஏத்திக்கலாம்" என்றார். எனக்குத் தலைவரைக் கடந்து பேசுகிற வழக்கம் இல்லை. ஆனால் பேசினேன். "நாளைக்குள்ள நான் சரி பண்ணித் தரேன். அதுக்குள்ள யாராவது கடை கடையா ஏறி இறங்குனீங்க, இனிமே எந்தக் காரியத்துக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றேன். மனுஷர் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டினது அவர். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

மறுநாள் காலை மரக்காணத்தில் ஒரு மைக் செட் கடை. சால்டரிங் அயர்ன் கேட்டு வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ரெஜினா வாசல் ஓரமாக நின்றாள். கடைக்காரர் நல்ல மனுஷர்தான். சுவரில் வரிசையாகப் பத்துப் பிளக், பத்திலும் சார்ஜர் தொங்குகிறது. "ஏம்மா, போனுக்குத்தான இவ்ளோ பாடு? இங்க போடுங்களேன், காசெல்லாம் வேணாம்" என்றார். ரெஜினா போனைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு அடி உள்ளே வைத்துவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகத்தான் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் தடுத்தேன் என்று இப்போது வீட்டில் பேச்சு. இவர் என்னிடமே கேட்கிறார். பார்ப்பது தடுப்பதா? நீயே சொல்.

ம்? இரு, முடித்துவிடுகிறேன்.

ஏழு செல்லை வெட்டி எறிந்தேன். துருவைச் சுரண்டினேன். போர்டை ஸ்பிரிட் போட்டுத் துலக்கி, இரண்டு இடத்தில் ஒயர் வைத்துச் சுற்றுவழி கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது! மைக் செட்காரர், "யம்மா, நீங்க என்ன இஞ்சினியரா?" என்றார். ஹவுஸ் வொய்ஃப் என்றேன். அவர் கடைப் பிளக்கில் ஒரு மணி நேரம் டப்பாவை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். அது கை நீட்டுவது இல்லை, அது பழுது பார்த்த பிறகு சோதனை.

வழியெல்லாம் வெயிலில் டப்பா கொதித்தது, ஆறவிட்டு, சாயங்காலம் தங்குகிற கோயில் வருவதற்கு ஒரு பர்லாங் முன்னால் ஸ்விட்ச் போட்டேன். முதல் கேபிள் யாருடையது தெரியுமா? ரெஜினாவுடையது. இந்தச் சிவப்பு நூல். நான்தான் கூப்பிட்டேன், "வா, உன்னோடத முதல்ல போடு" என்று. டோக்கன் முறையை மீறி. இதை வீட்டில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

போன் ஏறிக்கொண்டே வருகிறது, கோயில் காம்பவுண்டுக்குள் நுழைகிறோம், அந்த ஊர் ஃபாதர் வாசலிலேயே நிற்கிறார். "இதுல ரெஜினா யாரு?" என்று கேட்கிறார். அதே நிமிஷம் அவள் போனுக்கு உயிர் வருகிறது. டிங், டிங், டிங் என்று விடாமல். பத்தொன்பது. அத்தனையும் ஷெரின் கூப்பிட்டுக் கிடைக்காமல் போனது. நேற்று மத்தியானத்திலிருந்து.

வீட்டிலிருந்து கோயில் நம்பருக்குப் போன் வந்ததாம், ஃபாதர்தான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறாள். அம்மா வரட்டும், அம்மா வரட்டும் என்று அவள் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காமல் கிடந்து, கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாள்தான் அதட்டிக் கையெழுத்து வாங்கினாளாம். ஆண் குழந்தை. ஒரு கிலோ முந்நூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னாலேயே சம்மதித்திருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

ரெஜினா கத்தவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், வந்த பஸ்ஸில் ஏறினாள். கேபிள் டப்பாவிலேயே நின்றுவிட்டது.

எனக்கும் இரண்டு மெசேஜ் வந்திருந்தது, ஃப்ளைட் மோடை எடுத்ததும் பார்த்தேன். "அத்தை, அம்மாகிட்ட போன் குடுங்க." இரண்டிலும் அதே. விஷயம் என்னவென்று ஒரு வரி எழுதக் கூடாதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மெசேஜ் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை.

நான் பாதியில் திரும்பவில்லை. எடுத்த காரியத்தை முடிக்கிறவள் நான். மீதி ஆறு நாளும் நடந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. டப்பா நன்றாகத்தான் ஓடியது, ஆனால் ஒருத்தர்கூடச் சொருக வரவில்லை. டீக்கடையில் போய் நின்றார்கள். குளோரிகூடக் கிண்டல் செய்யவில்லை. வண்டிக்குப் பின்னால் தனியாக நடந்தேன். அந்தத் தொட்டில் வண்டியிலேயே ஆடிக்கொண்டு கிடந்தது. தூக்கியா எறிய முடியும்? நேற்று வேளாங்கண்ணியில் நான்தான் கட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது புரிகிறதா, இந்த லைன் ஏன் சும்மா இருக்கணும் என்று? ரெஜினா கூப்பிடுவாள். எனக்குத் தெரியும். ஏழு நாளாக நூறு பர்சென்ட்டில் வைத்திருக்கிறேன், ஃப்ளைட் மோடு கிடையாது, ராத்திரியும் தலைமாட்டில். நானாகக் கூப்பிடுவதா? நான் எதற்குக் கூப்பிடணும்? தப்புச் செய்தவர்கள்தானே கூப்பிடணும். இவர் சொல்கிறார், "இப்ப வேணாம் பெர்னதெத்து, குழந்தை தேறட்டும், அவ உன் பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுறா" என்று. போகட்டும். வாயைத் திறந்து அவசரம் என்று அவள் ஒரு வார்த்தை...

என்ன, எழுந்துவிட்டாய்? சிதம்பரமா? அதற்குள்ளா? கொள்ளிடம் பாலம் எப்போது போனது?

இரு, இரு, இப்போது ஆறிவிட்டது. ஸ்விட்ச் போட்டுவிட்டேன் பார், பச்சை விளக்கு. இரண்டு பர்சென்ட் ஏறட்டும், அப்புறம் ஆன் செய். முன்னால் தொட்டால் இறங்கிவிடும்.

அப்பாவா? அப்பாவுக்கு என்ன? எந்த ஆஸ்பத்திரி என்றே தெரியாதா? அண்ணன்தான் சொல்லணுமா? அடப்பாவமே, இதை ஏறினவுடனே சொல்வதற்கென்ன?

சொன்னாயா? எப்போது சொன்னாய்?

கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, இந்தப் பொண்ணு... ஏம்மா! ஏய், கேபிள்! உன் கேபிளை விட்டுட்டுப் போறியே!

போய்விட்டாள். அதோ பார், பூக்காரியிடம் போய் நிற்கிறாள். பூக்காரி தன் போனை எடுத்துக் கொடுத்துவிட்டாள், யார் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படித்தான் போன் களவு போகிறது.

உட்காருங்கள் சார், காலியாகத்தான் இருக்கிறது. இந்த டப்பாவில் மட்டும் கை வைக்காதீர்கள். வெடிக்காது. கேபிளா? வேண்டாம், அதை உருவாதீர்கள். அது என்னோடது இல்லை. ரெண்டுமே என்னோடது இல்லை.